கடலில் விளையும் காய்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம், நானும் என் அக்காவும். ஒரு நாளைக்கு நாங்கள் பேசிக்கொள்வதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பால் வந்ததா, மோட்டார் போட்டாயா, கரண்ட் போய்விட்டதே. அவ்வளவுதான். முன்பெல்லாம் இப்படி இல்லை. நான் சொன்ன ஒரு பொய்தான் இப்படிக் கொண்டுவந்து விட்டது. அதுவும் எதைப் பற்றி? கடலுக்கு அடியில் பாறையில் ஒட்டிக்கொண்டு, ஒரு துளையால் தண்ணீரை இழுத்து இன்னொரு துளையால் பீச்சி அடிக்கிற ஒரு பிராணியைப் பற்றி. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அந்தப் பிராணியை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் விலங்கியல் வாத்தியாராக இருந்தேன். ஹெர்ட்மானியா என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில், ஃபார்மலின் தண்ணீரில், வாடிப்போன உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்காக நானே அதற்குக் கடல் பீச்சான் என்று பேர் வைத்தேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பேராவது மனதில் நிற்கும்.

குஞ்சாக இருக்கும்போது அது தவளைக் குஞ்சு போல வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும். வாலுக்குள் ஒரு தண்டுகூட உண்டு. நம் முதுகெலும்புக்குப் பெரியப்பன் முறை. கொஞ்ச நேரம் நீந்திவிட்டு ஒரு பாறையைப் பார்த்துத் தலைகுப்புற ஒட்டிக்கொள்ளும். பிறகு வால் கரையும், தண்டு கரையும், மூளையிலும் பெரும்பகுதி கரைந்து போகும். அதன்பின் ஆயுசுக்கும் அதே இடம்தான். ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, அப்படியானால் அது நமக்குச் சொந்தமா சார் என்று கேட்டாள். ஈ, எறும்பு, நத்தையை எல்லாம்விட நெருங்கிய சொந்தம் என்றேன். அப்படிச் சொன்ன அதே வாய்தான் பின்னால் அதைக் காய் என்றும் சொன்னது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர். அக்காவைக் கொடுத்ததும் மடைப்பள்ளிக் குடும்பத்தில்தான். அவள் வீட்டுக்காரர் போனபின் என்னோடு வந்துவிட்டாள். அடுத்த சில வருஷத்தில் என் மனைவியும் போனாள். பிள்ளைகள் எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை. மடைப்பள்ளியில் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது, வாசனை பிடிக்கக் கூடாது. மூக்கோடு வாயைச் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பார்கள். முதல் ருசி சாமிக்கு. உப்பு, புளி எல்லாம் கண் அளவு, கை அளவு. சாமிக்கு வைத்துவிட்டால் அதை வேண்டாம் என்று ஒதுக்கக் கூடாது, வாயில் போட்டதைத் துப்பவும் கூடாது.

இந்தச் சட்டத்தை அக்கா அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். காலைக் காபியைக்கூடப் பூஜை அலமாரி முன்னால் ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தருவாள். ஆறிப்போச்சே என்று நான் கத்துவேன். சாமிக்கு நாக்கு சுட்டால் யார் பதில் சொல்வது என்பாள். ருசி பார்க்காமலே சமைத்து, உப்பு ஒரு கல் கூடியும் நான் பார்த்ததில்லை, குறைந்தும் பார்த்ததில்லை. வீட்டில் முட்டை நுழையாது, காளான் நுழையாது. மாடியில் முன்பு குடியிருந்தவர்கள் ஒருநாள் ஆம்லெட் போட்டது தெரிந்து, அந்த வாரமே காலி பண்ணச் சொல்லிவிட்டாள்.

எதைத் தின்னலாம், எது ஆகாது என்பதில் சந்தேகம் வந்தால் அக்கா என்னைத்தான் கேட்பாள். பிஸ்கட் உறையைக் கொண்டுவந்து நீட்டுவாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்துச் சொல்வேன். "என் தம்பி படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். உள்ளதைச் சொல்கிறேன், ஓய்வு பெற்றபின் என்னிடம் கேள்வி என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. பஸ் நிலையத்தில் யாராவது சார் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். வேறு யாரையோ கூப்பிட்டிருப்பார்கள்.

அப்படி இருக்கையில்தான் மாடிக்கு அந்தக் கொரியாக்காரர் வந்தார். கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு தொழிற்சாலையில் மெஷின் பொருத்த வந்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மனைவி இறந்துவிட்டார், மகள் பேசுவது வருஷத்துக்கு இரண்டு தரம். வீட்டில் மாமிசம் ஆகாது என்று முதல் நாளே சொன்னோம். மூன்று முறை தலையாட்டினார். ஒரு தரம்கூட மீறவில்லை. அக்கா கொடுத்த ரசத்தைக் கண்ணில் நீர் வரக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். என்னைப் பார்த்து அவரும் அவளை அக்கா என்றே கூப்பிடப் பழகிக்கொண்டார்.

சாயங்காலங்களில் மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். நடுவில் அவருடைய போன். நான் தமிழில் சொன்னால் அது அவர் பாஷையில் சொல்லும், அவர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்லும். பாதி சரியாக இருக்கும், பாதி உளறும். இருந்தாலும் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டார். அது எனக்கு எவ்வளவு பெரிசு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவரோடு வேலை செய்பவர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சேர்ந்து குடியிருந்தார்கள். அங்கே அவர்கள் ஊர்ச் சாப்பாடு, கடை எல்லாம் உண்டு. நீயும் வந்துவிடு என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் அவர் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனவர் ஒரு தெர்மோகோல் பெட்டியோடு திரும்பினார். மாடிக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்து போனை நீட்டினார். இது கடலில் இருந்து வந்தது, உங்கள் வீட்டு வழக்கத்துக்கு ஆகுமா, ஆகாது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று போன் சொன்னது. பிறகு ஒரு படத்தைக் காட்டினார். கடலில் கயிறு கயிறாகத் தொங்கவிட்டு, அதில் கொத்துக் கொத்தாகச் சிவப்பாக, மேலெல்லாம் குமிழ் குமிழாக, அன்னாசிப் பழம் மாதிரி. உச்சியில் இரண்டு துளைகள்.

அந்த இரண்டு துளையைப் பார்த்ததும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் பீச்சானேதான். இது அதற்குப் பங்காளி வகை. அவர்கள் ஊரில் இதற்கு மொங்கே என்று பேராம். அவருடைய அப்பா கடலில் மிதவை கட்டி இதை வளர்த்தவராம். வசந்த காலத்தில் அறுவடை. அம்மா கத்தியால் அறுக்கும்போது முகத்தில் தண்ணீர் பீச்சி அடிக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சதையைப் பச்சையாகவே, மிளகாயும் புளிப்பும் சேர்ந்த ஒரு விழுதில் தோய்த்துத் தின்பார்கள், சுடுசோற்றிலும் பிசைவார்கள். முதலில் உப்புக் கரிக்கும், அப்புறம் கசக்கும், தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்றார். நம் நெல்லிக்காய்தான் என்றேன் நான். போன் நெல்லிக்காயை என்னவென்று சொன்னதோ, அவர் பலமாகத் தலையாட்டினார்.

ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் திருப்பிக் கொடுத்திருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் இருந்த ஆசை ஒரு பக்கம். இதுகூடக் கிடைக்காவிட்டால் ஸ்ரீபெரும்புதூருக்கே போய்விடுவார் என்ற பயம் ஒரு பக்கம். முப்பது வருஷம் ஜாடியிலேயே பார்த்ததை ஒருமுறை கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற வாத்தியார் புத்தியும் சேர்ந்துகொண்டது. ஆகும் என்றேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா மோர் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் ஐஸ் நடுவில் நாலு பாக்கெட், சுத்தம் செய்து உறைய வைத்த ஆரஞ்சு நிறச் சதை. மாடியில் ஃபிரிட்ஜ் இல்லை. சமையலறை ஃபிரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும். இன்னாடா இது, பலாச்சுளை கணக்கா இருக்குதே என்று குனிந்து பார்த்தாள்.

"கடல்ல விளையுற காய் அக்கா. அவங்க ஊர்ல கயித்துல கட்டி வளர்ப்பாங்க."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். அக்காவுக்கு மதி இல்லாமல் இல்லை. சொன்னது நான், அதனால் நம்பினாள். ஆங் என்று சொல்லி, தன் கையாலேயே பாக்கெட்டுகளை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் அறையில் அடுக்கினாள்.

அன்று இரவு படுக்கையில் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். இதன் தோலில் செல்லுலோஸ் இருக்கிறது, பருத்தியில் இருக்கும் அதே பொருள். பிராணிகளில் இதைச் சுயமாகச் செய்வது இந்தக் கூட்டம் ஒன்றுதான். நகராது, ஓடாது, பாறையில் முளைத்தது போல நிற்கும். பாதி செடிதானே? சொல்லப் போனால் ருசியும் நெல்லிக்காய். இப்படியே சொல்லிச் சொல்லித் தூங்கிப்போனேன். ஒரு மாணவன் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் விடைத்தாளைக் கிழித்திருப்பேன்.

மூன்று பாக்கெட் போயின. வாரம் ஒருநாள் அவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து, தன் மிளகாய் விழுதோடு அதைத் தின்பார். நான் எதிரே உட்கார்ந்து, அதற்கு இதயம் எங்கே இருக்கிறது, அது கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் ரத்தத்தைத் தள்ளும் விசித்திரம் என்ன என்று பாடம் நடத்துவேன். அவர் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. பொய் சொன்னது நினைவுக்கு வரும், ஆனால் உறுத்தவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளாய் எழுந்திருக்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. அக்கா நாலு நாளும் மாடிப்படி ஏறி இறங்கினாள். ஐந்தாம் நாள் நான் மணவூரில் படுத்த படுக்கையாய் இருந்த பழைய சகா ஒருவரைப் பார்க்க ரயிலேறிப் போனேன். மத்தியானம் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை வந்தது. பெருங்காயம், தேங்காய், கறிவேப்பிலை, அதற்கு அடியில் அயோடின் மாதிரி ஒரு கடல் நெடி. முந்தானையை மூக்கோடு சுற்றிக்கட்டிச் சமைத்தவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்துக்கு வந்தேன். பூஜை அலமாரி திறந்திருந்தது. முருகன் படத்துக்கு முன்னால் வாழை இலை, அதில் சோறு, பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் கூட்டு. அக்கா இடது கையில் மணியை எடுத்தாள். என்னைப் பார்த்து, அந்த மனுஷனுக்கு வாய்க்குப் பிடிச்சதா இருக்கட்டும்னு அவங்க ஊர்க் காயையே கூட்டு வெச்சிட்டேன்டா என்றாள். முகமெல்லாம் பெருமை.

நிறுத்து அக்கா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். முப்பது வருஷம் ஐம்பது பேர் முன்னால் கத்திய தொண்டை. மணி அடித்தது, தண்ணீர் சுற்றினாள், கற்பூரம் காட்டினாள். என் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. இனி இவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்ற பயம். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

மாடிக்கு ஒரு கிண்ணம் போனது. எங்களுக்கு இரண்டு இலை போட்டாள். அவளும் பசியோடு இருந்தாள். கூட்டைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தவள், மெல்வதை நிறுத்தினாள்.

"உப்பு ஜாஸ்திடா. இது நான் போட்ட உப்பு இல்ல. காய்க்குள்ள எப்பிடிடா இவ்ளோ உப்பு இருக்கும்?"

அவள் கை அளவு தப்பாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடலில் வளர்ந்ததால் உப்பு என்று இன்னொரு பொய் தயாராகவே நாக்கில் இருந்தது. ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவளம் இன்னும் கன்னத்தில் இருந்தது.

"உசுரு இருந்த பண்டமா?"

"ஆங்" என்றேன்.

எழுந்து ஓடிப்போய்த் துப்புவாள் என்று நினைத்தேன். இலையை என் தலையில் கவிழ்ப்பாள் என்று நினைத்தேன், அதையாவது செய்திருக்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை மென்று விழுங்கினாள். சாமிக்கு வைத்ததைத் துப்பக் கூடாது. பிறகு தன் இலையில் இருந்ததை ஒன்றுவிடாமல், ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டாள். அழுகை சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. தனக்காக அழவில்லை. சாமிக்கு வெச்சிட்டனே, சாமிக்கு வெச்சிட்டனே என்று அதையேதான் சொல்லிகினு இருந்தாள். முடித்துவிட்டு என் இலையைக் காட்டி, நீயும் சாப்பிடு என்றாள்.

சாப்பிட்டேன். சதை மிருதுவாக, கொஞ்சம் ரப்பர் போல இருந்தது. தேங்காயையும் பருப்பையும் மீறி உப்பு, அதன் பின்னால் இரும்புக் கசப்பு. என் வகுப்பில் சொந்தக்காரன் என்று சொன்னதை விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். அவர் சொன்னது போலவே இனித்தது. அந்த நேரத்தில் அது இனித்ததற்கு எனக்குக் கோபம் வந்தது.

சற்று நேரத்தில் மாடியில் இருந்து கொரியாக்காரர் தட்டுத் தடுமாறி இறங்கி வந்தார். கிண்ணம் வழித்துக் கழுவியிருந்தது. நாலு நாளைக்குப்பின் அன்றுதான் முழுசாகச் சாப்பிட்டிருக்கிறார். அக்கா என்று சொல்லி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கையாலேயே கேட்டாள். அவர்மேல் அவளுக்கு ஒரு துளி கோபமும் கிடையாது. ஆகுமா என்று அவர்தான் முதலிலேயே என்னைக் கேட்டாரே என்று நான் பின்னால் சொன்னதும், அதுதான்டா, அந்த மனுஷன் கேட்டாரு என்றாள். மூன்று மாதம் கழித்து வேலை முடிந்து ஊருக்குப் போகும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. இப்போதும் தெரியாது. போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போனை எடுக்கவே இல்லை.

கூட்டு சாப்பிட்ட மறுநாள் விடியற்காலையில் அக்கா குளித்துவிட்டுத் தனியாக மலைக்குப் போனாள். முட்டி வலியோடு படியேறியே போயிருக்கிறாள். பத்து மணிக்குத் திரும்பி வந்து, என் நெற்றியில் விபூதி வைத்தாள். நான் அவள் காலில் விழுந்தேன். பரிகாரம் ஏதாவது சொன்னார்களா, யாரிடமாவது கேட்டாயா என்றேன். யாரிடமும் கேட்கவில்லையாம். சன்னதியில் நின்று அவரிடமே சொல்லிவிட்டாளாம்.

"சாமி மன்னிச்சிடுவாருடா. எனக்குத்தான் இனிமே உன்கிட்ட இன்னா கேக்குறதுன்னு தெரியல."

திட்டாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள். அதற்குப் பிறகு பிஸ்கட் உறை என்னிடம் வருவதில்லை. சமைக்கிறாள், சாமிக்குக் காட்டுகிறாள், எனக்குப் போடுகிறாள். கேள்வி மட்டும் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் ஒரு நாற்காலியை மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் மற்றதில் உட்கார்ந்து மலைமேல் விளக்கு எரிவதைப் பார்ப்பேன். கீழே அவள் தனியாக ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மாதம் அவள் முட்டி வலிக்கு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதில் ஒன்று வழவழவென்று உறை போட்ட கேப்சூல். அட்டையை நான்தான் வலியப்போய் வாங்கிப் படித்தேன். இந்த உறையை மாட்டு எலும்பு, தோலில் இருந்து காய்ச்சி எடுப்பார்கள், வேண்டாம் அக்கா, வேறு மாத்திரை எழுதச் சொல்கிறேன் என்றேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இந்த முறை உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆங் என்றாள்.

மறுநாள் காலை கடைத்தெருப் பக்கம் போனபோது மருந்துக்கடை வாசலில் அவளைப் பார்த்தேன். அட்டையைக் கடைக்காரரிடம் நீட்டி, விரலால் அந்தக் கேப்சூலைத் தொட்டுக் காட்டி, ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் விளக்கமாகச் சொன்னார், இவள் கவனமாகத் தலையாட்டினாள். அவள் கண்ணில் படாமல் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் தெருவைத் தாண்டிப் போனபின் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

நான் உள்ளே நுழைந்ததும் அவளாகவே சொன்னாள்.

"மருந்துக்கடையில கேட்டேன்டா. நீ சொன்னதுதான் அவரும் சொன்னாரு."

குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். சரி அக்கா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.